மேடத்தின் பின்னால் ஒரு கோடு

மார்ச் 3

இன்று மட்டும் நாற்பத்திரண்டு மார்பு எக்ஸ்ரே. ஒரு பெரியவரிடம் "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொன்னேன். படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சிவந்து கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்து, "நல்லவேளைம்மா, வீட்டுக்குப் போறதுக்குள்ள ஞாபகம் வந்துச்சு" என்றார். கூட வேலை செய்கிறவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு இது புதிதில்லை. படத்தைப் பார்க்க ஆரம்பித்தால் ஆளை மறந்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால் மீன்தொட்டி. தம்பி கப்பலில் எலக்ட்ரீஷியன். போன மாதம் கிளம்பும்போது தன் சிக்லிட் மீன்கள் ஏழையும் நாலடித் தொட்டியோடு எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான். மூன்று வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன். காரணம் நான்தான். அம்மா இறந்த அன்று அவன் தாமதமாக வந்தான். அத்தனை பேருக்கு நடுவில், "மீனுக்குத் தண்ணி மாத்திட்டு வர இவ்ளோ நேரமா?" என்று கேட்டேன். அன்றிலிருந்துதான் இப்படி. அப்படிப்பட்டவன், "உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்று மீன்களை என்னிடமே விட்டிருக்கிறான்.

மார்ச் 6

பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த கேமராவை எடுத்தேன். மீனைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பலாம் என்று. அறுபது படம் எடுத்ததில் ஐம்பத்தெட்டில் என் மூக்கு. தொட்டிக் கண்ணாடி முழுக்க என் முகமும் ஜன்னலும்தான் தெரிகின்றன.

மார்ச் 8

வித்தை பிடிபட்டுவிட்டது. திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் வெளியே நீட்டி, கண்ணாடியோடு ஒட்டி வைக்க வேண்டும். ஃபிளாஷ் தொட்டியின் மேலிருந்து கீழே அடிக்க வேண்டும். ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்தினால் தூசி அடங்கும்.

நீல ஆண் மீனுக்குத் தம்பி வைத்த பெயர் மாப்பிள்ளை. துடுப்பை விரித்துக்கொண்டு அதுவே வந்து நிற்கிறது. சாம்பல் நிறப் பெண் மீன், மேடம். கேமராவைக் கண்டாலே கல்லுக்குப் பின்னால் போய்விடுகிறது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கல்யாண வீட்டுல கூட இவ்ளோ அலட்டல் பாத்ததில்ல" என்றார்.

மார்ச் 10

மேடத்தின் வாய் நிறைய முட்டை! தாடை உப்பிக் கிடக்கிறது. தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். மாலையில் குரல் பதிவு வந்தது.

"அக்கா, குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் மூணு வாரம் வாயிலேயே வச்சிருப்பா. ஒண்ணும் சாப்பிட மாட்டா. இதுவரைக்கும் மூணு தடவை பாதியிலேயே முழுங்கிட்டா. மாப்பிள்ளைக்கு வயசாயிடுச்சு, இதுதான் கடைசியா இருக்கும். அவளைத் தொந்தரவு மட்டும் பண்ணாத. வேற ஒண்ணும் வேணாம்."

என்னோடு இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை நாளாயிற்று. மூன்று முறை கேட்டேன்.

மார்ச் 17

சாப்பாடு போட்டால் மற்ற ஆறும் அடித்துக்கொள்கின்றன. மேடம் தள்ளி நின்று பார்க்கிறது. இளைத்துவிட்டது.

மார்ச் 26

இன்று பார்த்துவிட்டேன். மேடம் ஒரு கணம் வாயைத் திறந்தது. உள்ளே கண்கள். குண்டூசித் தலை அளவில், ஒரு கூட்டமே என்னைப் பார்த்தது. கேமராவை எடுப்பதற்குள் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

இந்தப் படம் வேண்டும். இதை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டால் அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான்.

மார்ச் 27

எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

மீனைப் படமெடுப்பவர்கள் தொட்டிக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை இறக்கி, மீனை முன்பக்கமாக ஒதுக்கி நிறுத்துவார்களாம். படித்திருந்தேன். மதியம் வேலை முடிந்து வந்ததும் பழைய போட்டோ சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கழுவி உள்ளே இறக்கினேன். மேடத்தைச் சின்ன வலையால் முன்பக்கம் ஓட்டிவந்தேன். ஐந்தே நிமிடம்தானே. ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?

கண்ணாடி இரண்டு விரல் அகலம் குறைவாக இருந்தது. அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பதினோராவது படத்தில் வாய் திறந்திருந்தது. கண்கள் எல்லாம் ஊசி முனை போலத் தெளிவு. திரையில் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். எண்ணக்கூடப் பார்த்தேன் – பதினான்கு வரை எண்ணினேன்.

நிமிர்ந்தபோது வாய் காலி. பயத்தில் எல்லாவற்றையும் துப்பியிருக்கிறாள். மஞ்சள் வயிற்றோடு சரியாக நீந்தத் தெரியாத குஞ்சுகள் அந்த இடுக்கு வழியே அந்தப் பக்கம் போய்விட்டன. அந்தப் பக்கம் மாப்பிள்ளை. மற்ற ஐந்தும். மேடம் கண்ணாடியில் முட்டுகிறாள். திரும்பத் திரும்ப முட்டுகிறாள். நான் தகட்டை உருவுவதற்குள் முடிந்துவிட்டது. ஒண்ணுகூட மிஞ்சல. ஒண்ணே ஒண்ணுகூட. நீ அப்ப என்னடி பண்ணிட்டிருந்த? படம் பாத்துட்டிருந்த.

மார்ச் 28

படத்தை அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? தெரியவில்லை. அவ்வளவு நல்ல படம்.

பதில் வர நாள் முழுக்க ஆனது. "ரொம்ப அழகா இருக்குக்கா. குஞ்சுங்க எப்படி இருக்கு?"

"இன்னும் வாயிலதான் வச்சிருக்கு" என்று எழுதினேன்.

ஏப்ரல் 4

மறுபடி கேட்டான். மேடம் முழுங்கிவிட்டதாகச் சொன்னேன். "சரி விடுக்கா, அவளுக்குப் பழக்கம்தானே" என்றான்.

பதினேழு நாள் பட்டினி கிடந்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டு அவளுக்கே தீனி போடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 5

கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மே 19

மாப்பிள்ளை செத்துக் கிடந்தது. வயதுதான். "நீ என்னக்கா பண்ணுவ, உன் தப்பு இல்ல" என்று தம்பி ஆறுதல் சொன்னான். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

ஆகஸ்ட் 2

தம்பி வந்திருக்கிறான். கறுத்திருக்கிறான். உள்ளே வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்து, "மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அடுப்படியில் வேலை இருப்பதாக நினைவு வந்தது.

ஆகஸ்ட் 3

தொட்டியைக் கொண்டுபோக வந்தான். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுக் கற்களை எடுத்துக்கொண்டிருந்தான். நான் வாளியைப் பிடித்திருந்தேன். அவன் முகம் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"மேடம் முழுங்கல. நான்தான்..."

"தெரியும்க்கா" என்றான். கையை வெளியே எடுக்கவில்லை.

"என்ன தெரியும்?"

"நீ அனுப்பின போட்டோவுல அவளுக்குப் பின்னாடி ஒரு கோடு ஓடுது. மேல இருந்து கீழ வரைக்கும். கண்ணாடி ஓரம். அவளை மடக்கி வச்சு எடுத்திருக்கன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு."

"அப்பவேவா? அப்புறம் ஏன்டா கேக்கல?"

கல்லை வாளியில் மெதுவாகப் போட்டான். "எனக்கும் கோவம் வந்துச்சு. கேக்கலாம்னு எழுதிக்கூடப் பாத்தேன். எழுதினா, அன்னைக்கு அம்மா பக்கத்துல நின்னு நீ கேட்டது மாதிரியே இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

அடுத்த கல்லைத் தேடிக்கொண்டே, "அன்னைக்கு நான் மருந்துக் கடையில நின்னுட்டிருந்தேன்க்கா. அம்மாவுக்கு எழுதின ஊசி நாலு கடையில இல்ல" என்றான்.

மூன்று வருடம். நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். கோடு நன்றாகவே தெரிகிறது. இத்தனை நாள் எத்தனை முறை பார்த்திருப்பேன்.

நவம்பர் 12

தம்பி மறுபடி கப்பலேறுகிறான். காலையில் வந்தான். நன்றாகப் பேசினான், இரண்டு முறை டீ கேட்டு வாங்கிக் குடித்தான். பேச்சோடு பேச்சாக, மேடம் வேறொரு ஆணோடு சேர்ந்து மறுபடி வாயில் முட்டை வைத்திருப்பதாகச் சொன்னான்.

கூடத்தில் அந்த நாலடி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. செருப்பு அலமாரி வைக்கலாம் என்று வீட்டுக்காரர் மாதக்கணக்காகச் சொல்கிறார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

"தொட்டியை எப்பக் கொண்டு வர்ற?" என்று கேட்டேன்.

"கூட வேலை பாக்கிறவன் வீட்டுல வச்சிட்டேன்க்கா. உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றான். கோபமே இல்லை குரலில்.

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம், அலமாரியை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடலாம் என்று சொன்னேன்.