மூன்றாம் வளைவின் நீர்நாய்கள்

மார்ச் 4
காலை ரோந்து. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆறு ஒடுங்கி இரைகிறது. மூன்றாம் வளைவில் பாறைக்கு அடியிலுள்ள பொந்திலிருந்து நீர்நாய்க் குட்டிகள் எட்டிப் பார்த்தன. மூன்று. தாய் என்னைப் பார்த்துச் சீறியது. சீறட்டும், அவள் வீடு. அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு ரேஞ்சரிடம் கொடுத்தேன்.

மார்ச் 11
அதே இடத்தில் சுற்றுலாப் படகுத்துறை கட்டப் போகிறார்களாம். அனுமதிக் கோப்பில் என் அறிக்கை இருக்கிறது. கீழே என் கையெழுத்து. மேலே, 'நீர்நாய்கள் தென்படவில்லை.' பதினோரு வருஷம் இந்தக் காட்டில் காவலராக நடந்தவள் பெயரில் பொய்!

ரேஞ்சரிடம் கேட்டேன். "நீந்தத் தெரிஞ்சதுங்கதானேம்மா, வேற இடம் பாத்துக்கும்," என்றார். சிரித்துக்கொண்டே. குட்டி பிறக்கும்போதே நீந்துமா? தாய் கழுத்தைக் கவ்வித் தண்ணியில இழுத்துப் பழக்கணும்னு இந்த ஆளுக்குத் தெரியுமா? ரேஞ்சராம் ரேஞ்சர்.

மார்ச் 12
படகுத்துறைக்கு அனுமதி தரும் ஆய்வுக் குழுவுக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 15
அண்ணன் வந்தான். இலாகாவின் ஓட்டை மோட்டார் படகை ஓட்டுகிறவன். படகுத்துறை வந்தால் புதுப் படகு உனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். உட்காரக்கூட இல்லை.

"நாய் நரிக்கெல்லாம் பாவம் பாக்கற. கூடப் பொறந்தவன் கண்ணுக்குத் தெரியலியா?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அவன் மேல் கோபமா? இல்லை. அவனுக்கு ஆசை காட்டினவர்கள் மேல்.

மார்ச் 27
குழு வந்தது. அண்ணன்தான் படகில் கூட்டிவந்தான். பாறை மேல் கிடந்த எச்சத்தைக் காட்டி, "தெரு நாய்," என்றார் ரேஞ்சர்.

"தெரு நாய்க்கு மீன் செதிலாவா போகும்?" என்றேன்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு மூக்கும் வெளியே வரவில்லை. பாழாய்ப்போனதுகளே, இன்னிக்குத்தானா?

குழுத் தலைவி அண்ணன் பக்கம் திரும்பினார். "தினமும் வர்றவர் நீங்க. பாத்ததுண்டா?"

அவன் ரேஞ்சரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "என் மோட்டார் சத்தம் கேட்டாலே குட்டியைக் கவ்விக்கிட்டு உள்ள ஓடிரும் மேடம். இன்னிக்கும் அதான்."

மே 2
ஆறு அகலும் இடத்துக்குப் படகுத்துறை போய்விட்டது. ரேஞ்சர் அதே நாற்காலியில். என்னை நுழைவுச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். புதுப் படகு வேறு யாருக்கோ.

மத்தியானம் அண்ணி வந்தாள். "உங்கண்ணன் மூணாவது வளைவு வந்தா மோட்டாரை அணைச்சுட்டுத் துடுப்புதான் போடறாராம். தோள் ரெண்டும் வலின்னு புலம்பல். தைலம் இருந்தா குடு."