மொட்டைக் கட்டிலுக்கு ஒரு தலைப்பலகை

அக்கா,

நேற்று என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தோம். தலைப்பலகையின் பின்பக்கம் வெளியே தெரிந்தது. நீங்கள் துணியை மடித்து அடித்த சின்ன ஆணிகள் துருவேறி வரிசையாக நிற்கின்றன. ஒரு மூலையில் துணி பிரிந்திருந்தது. குனிந்து பார்த்தபோது உள்ளேயிருந்து பசை வாசம் லேசாக வந்தது. ஒன்பது வருடத்துப் பசை.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றாள் தங்கச்சி.

தூசி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வந்து சேர்ந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கதையின் முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைசிப் பகுதி தெரியாது.

தங்கச்சி கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இரும்புக் கட்டிலையும் பீரோவையும் நானும் அம்மாவும் திருப்பரங்குன்றத்தில் மாப்பிள்ளை வீட்டில் இறக்கினோம். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலை ஒருமுறை சுற்றி வந்தார்.

"நல்ல கனமாத்தான் இருக்கு. ஆனா தலைமாடு மொட்டையால்ல இருக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலு கணக்கா. நாலு சனம் வந்து பாக்குமே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "தலைப்பலகை தனியா வருது அத்தே. செய்யச் சொல்லியிருக்கு."

யாரிடமும் எதையும் செய்யச் சொல்லவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் கட்டிலோடு சேர்த்துத்தான் தருவோம் என்றார்கள். மூன்றாவது கடையில் தனியாக ஒன்று இருந்தது. அந்த விலைக்கு இன்னொரு கட்டிலே வாங்கியிருக்கலாம். ஆசாரியிடம் கேட்டால் கல்யாணம் முடிந்துதான் கை ஒழியும் என்றார்.

கம்பெனி வேனில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். "நாள் பூரா சோபாவுக்கு முதுகு தைக்கிறவ, ஒத்தப் பலகைக்குத் துணி போடக் கடைகடையா அலையிறியா? ஷெட்டுக்குப் பின்னாடி வேஸ்ட்டு கிடக்குல்ல, கேட்டு வாங்கு. நான் வெட்டித் தாரேன், நீ தை."

கப்பலூரில் அந்த சோபா கம்பெனியில் நீங்கள் வெட்டும் மேசையில், நான் தையல் மெஷினில். வெட்டி மிஞ்சிய ரெக்சினும் ஸ்பாஞ்சும் பின்பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டது நான்தான். "வேஸ்ட்டுதான, எடுத்துக்க" என்றார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவரை வேஸ்ட்டுக்கு யாரும் கேட் பாஸ் வாங்கியதில்லை.

துண்டுகளை என் பையில் அடைத்துக்கொண்டு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தபோது, எல்லாப் பைகளையும் திறக்கச் சொன்னார்கள். அந்த வாரம் இரண்டு ரோல் ரெக்சின் காணாமல் போயிருந்தது நமக்குத் தெரியாது. நமக்கு முன்னால் பத்துப் பேர்தான் நின்றார்கள். திரும்பிப் போய்ப் பையை வைத்துவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் அது ஐந்தாகிவிட்டது. வாட்ச்மேன் என் கையிலிருந்த பையை மேசையில் கொட்டினார். மானேஜர் வந்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள்.

"நான் யாரையும் எடுக்கச் சொல்லல சார்" என்றார் அவர்.

மாப்பிள்ளையின் மாமா பக்கத்துக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். இந்தப் பேச்சு நம் கேட்டிலிருந்து அந்தக் கேட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இதை நான் நினைத்தேன். நீங்களும் நினைத்திருக்கிறீர்கள்.

"யார் பை இது?" என்றார் மானேஜர்.

"என் பை சார். தோள் வலின்னு அவளத் தூக்கச் சொன்னேன். உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாது" என்றீர்கள்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

நான் தலையாட்டினேன்.

வாய்மூடி நின்றிருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் தலையாட்டினேன், அக்கா. உங்களை உள்ளே கூட்டிப் போனார்கள். என்னை வேனில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். உங்கள் இடம் காலியாக வேன் திருமங்கலம் வந்து சேர்ந்தது. மறுநாள் உங்கள் மேசையில் வேறொருத்தி நின்றாள்.

மூன்றாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. நீங்கள் இறங்கி, சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தீர்கள். பழைய கடையின் பெயர்ப்பலகை ஒன்று, பாதி எழுத்து அழியாத ப்ளைவுட். கார் சீட் கடையில் கழித்துப் போட்டதை வாங்கித் துவைத்துக் காயவைத்த ஸ்பாஞ்சு. மதுரை விளக்குத்தூண் கடைத்தெருவில் வாங்கிய கத்தரிப்பூ நிறத் துணி. நான் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். நீங்கள் திட்ட வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்களுக்கு இன்னைக்கு லீவா தாயி?" என்று அம்மா காபியோடு வந்தார்.

"ஆமாம்மா. லீவு போட்டுட்டேன்."

அம்மா உள்ளே போகும்வரை நீங்கள் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அன்று கம்பெனிக்குப் போகவில்லை. பிறகு வேலை ஆரம்பித்தது. பலகையின் மேல்மூலை இரண்டையும் வளைவாக அறுத்தோம். ஸ்பாஞ்சை ஒட்டினோம். துணியைப் போர்த்தி நான் இழுத்துப் பிடிக்க, நீங்கள் பின்னால் மடித்து ஆணி அடித்தீர்கள். சட்டைப் பித்தான்களுக்கு அதே துணியைச் சுற்றி, கோணி ஊசியால் பலகையின் துளை வழியே இழுத்து முடிச்சுப் போட்டீர்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஸ்பாஞ்சு அமுங்கிக் குழி விழுந்தது. கடையில் பார்த்ததைப் போலவே இருந்தது.

"அக்கா, அன்னைக்கு கேட்டுல..." என்றேன்.

"பிடிய விடாத. துணி கோணுது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். "இன்னும் இழு கலா. சுருக்கம் விழுந்தா அந்தம்மா கண்ணு அங்கதான் போகும்" என்றீர்கள். மத்தியானம்வரை நாம் துணியையும் ஆணியையும் பற்றி மட்டும்தான் பேசினோம். ஒரு தடவை சுத்தியல் உங்கள் பெருவிரலில் பட்டது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். நீங்கள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள்.

திருப்பரங்குன்றத்தில் கட்டிலில் மாட்டியதும் மாப்பிள்ளையின் அம்மா பலகையை அமுக்கிப் பார்த்தார். "இப்பத்தான் கட்டிலாட்டம் இருக்கு. எந்தக் கடை?"

"மதுரையில சொல்லிச் செஞ்சது அத்தே" என்றேன். உங்கள் பெயரைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. கல்யாணம் நல்லபடி நடந்தது. நீங்கள் வரவில்லை.

நான்கு மாதம் கழித்துத்தான் உங்களைப் பார்க்க வந்தேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் சீட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். அதற்கு முன் வேலை கேட்டு ஏறிய இரண்டு கம்பெனியிலும் கப்பலூரில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்களாம். நான் அழுதேன். மன்னிச்சிருங்க என்றேன். எனக்காகத்தானே செய்தீர்கள் என்றேன்.

நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தீர்கள். "நான் சொன்னது உன் தங்கச்சிக்காக. நீ தலையாட்டுனது உனக்காக. ரெண்டையும் ஒன்னாக்காத."

அப்புறம் எனக்கு ஒரு டீ சொன்னீர்கள்.

அதற்குப் பிறகும் நாம் பழகினோம். உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். உங்கள் மகள் ரேவதி சடங்குக்கு முறுக்குச் சுட வந்தேன். அவள் என்னைச் சித்தி என்றாள். நீங்கள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நீங்கள் எடுக்காததையே எனக்கு மன்னிப்பாக வைத்துக்கொண்டேன்.

போன மாதம் கடைக்குக் கிளம்பும்போது மயங்கி விழுந்தீர்கள் என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனி உங்களுக்குத் தெரியாதது. பதினாறாம் நாள் சாப்பாட்டில் நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ரேவதி சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நல்ல வேலைக்காரி. அந்தக் கம்பெனியில மட்டும் கைய வைக்காம இருந்திருந்தா, இன்னைக்கு எம்புட்டோ மேல போயிருப்பா."

ரேவதி நின்றுவிட்டாள். உங்கள் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் அவரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் அந்த வீட்டில் நீங்கள் கம்பெனியில் திருடி மாட்டிக்கொண்டவராகவே இருந்திருக்கிறீர்கள்.

எழுந்தேன். "அது என் பை" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அக்கா எதையும் எடுக்கல. கேட்டு எடுத்தது நானு. என் கையிலதான் இருந்துச்சு. அக்கா தன் பைன்னு சொன்னாக. நான் ஆமான்னு தலையாட்டிட்டேன்."

உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றார்.

ரேவதி வாளியைத் தரையில் வைத்தாள். "ஏழாப்பு படிக்கையில என்னைய ஒருத்தி திருடி மகள்னு சொன்னா. அம்மாகிட்ட வந்து சண்ட போட்டேன். ரெண்டு நாளு பேசல நான்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க எத்தன தடவ இந்த வீட்டுல வந்து உக்காந்து சாப்பிட்டீங்க சித்தி. என்கிட்ட ஒரு தடவ சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

நான் இலையை மடிக்கக் குனிந்தேன்.

"பாதியில எந்திரிக்காதீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்து போகும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வருத்தமில்லை, அது அவள் இஷ்டம். அவள் கேட்டதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. வேலை செய்யும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, யாரோ பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருக்கிறது. பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். கேட்டில் நின்ற அந்தச் சாயங்காலத்துக்கு அது பதிலாகும். ஒன்பது வருடத்துக்கு ஆகாது.

உண்மையான பதில் எனக்குத் தெரியும். தோணுச்சு ரேவதி. உங்க வீட்டுப் படி ஏறுன ஒவ்வொரு தடவையும் தோணுச்சு. அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன், அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். கதவைத் திறப்பாளோ என்னவோ, நான் போகிறேன்.

கலா