கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது

எல் நோகால், கலிபோர்னியா
மார்ச் 9

அன்பு மகன் இசையாஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடலுக்கு அடியில் நீ எந்த மூலையில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாதாம். கப்பல் எப்போது கரை தொடுகிறதோ, அப்போது இது உன் கைக்குக் கிடைக்கட்டும். நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கும் பிள்ளைகளின் மனம் கலங்கும்படி எதையும் எழுத வேண்டாம் என்று குடும்பங்களைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். உன் அண்ணி மாரிபெல் உண்டாகியிருக்கிறாள். உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. போன கோடையிலிருந்து அவனுக்குக் குழாய் வேலை எதுவும் அமையவில்லை. தொழிற்சங்கத்தில் வேலைக்கான பெயர் வரிசை நகரவே இல்லையாம். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவோடு சேர்ந்து குதிரைக் கொட்டடியைக் கழுவிவிட்டுப் போகிறான்.

அப்பா நன்றாக இருக்கிறார். இப்போதெல்லாம் கட்டிலில் படுப்பதைவிட நாற்காலியில் சாய்ந்து தூங்குவதுதான் அவருக்கு வசதியாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. நம் பின்வேலிக்கு அப்பால் இருக்கும் பழைய வால்நட் தோப்பும், அதை ஒட்டிய தெருவும் கிடங்காகப் போகின்றன. சாதாரணக் கிடங்கு இல்லை. இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடி தெரியாது என்கிறார்கள். பகலும் இரவும் டிரக்குகள் வந்துபோகும். கோடு போட்டு வீடுகளை வாங்குகிறார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் விற்றுவிட்டு மலைப்பக்கம் போகிறார்கள். கோடு நம் வேலியோடு நின்றுவிட்டது. நம்மை யாரும் வாங்க வரவில்லை.

இந்த மாநிலத்தில் இப்படிப் பெரிதாக எதையாவது கட்டும் முன்பு, சுற்றுச்சூழலுக்கு என்னென்ன கேடு வரும் என்று எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுதியிருக்கிறார்கள். நூலகத்தில் மூன்று தடித்தடிப் புத்தகங்களாக வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு சிப்ரியானோ அண்ணன், அப்பா, நான் மூவரும் போய்ப் பார்த்தோம். நம் வீட்டுக்கு அதில் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நாம் ‘எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் இடம், எண் ஏழு’. சிப்ரியானோ அண்ணன் தன் வீட்டைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, அறுபது வருஷமா இங்கனயே கெடக்கேன், எனக்கு ஒரு நம்பர் குடுக்கக் கூடாதா” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நூலகத்துப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காற்றைப் பற்றிய அத்தியாயத்தை அப்பா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசியில், ‘பாதிப்பு கணிசமானது, தவிர்க்க இயலாதது’ என்று போட்டிருந்தது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “எலோய்சா, ஒத்துக்கிட்டானுங்க பாரு. அவனுங்களே எழுதிட்டானுங்க. இனி எப்படிக் கட்டுவானுங்க” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாமாம். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பதில் எழுதியே தீர வேண்டும், அதுவும் சட்டம். அப்பா மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். என்ன எழுதினார் என்று என்னிடம் காட்டவில்லை.

நீருக்கு அடியில் குளிர் இன்னும் அதிகமாக இருக்குமோ? காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். கர்த்தர் உன்னோடு இருக்கட்டும்.

உன் அம்மா,
எலோய்சா


எல் நோகால்
அக்டோபர் 20

என் கண்ணான இசையாஸ்,

உன் கடிதம் வந்தது. நீ அனுப்பிய படத்தில் மெலிந்து தெரிகிறாய். தாடி வேண்டாம், எடுத்துவிடு.

குழந்தை பிறந்துவிட்டாள். எமிலியா என்று பெயர். கை விரல்கள் அப்படியே உன்னுடையவை. ஞானஸ்நானத்துக்கு நீ வரும்வரை காத்திருக்கலாம் என்றேன். மாரிபெல்லின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

கிடங்கு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அப்பாவின் கடிதத்துக்குப் பதில் வந்தது. தனியாக வரவில்லை, அந்தப் புத்தகத்தின் நான்காம் பாகமாகவே அச்சடித்து விட்டார்கள். இடப்பக்கம் அப்பாவின் கையெழுத்து, வலப்பக்கம் பதில். தான் இருபத்தாறு வருஷம் டிரக் ஓட்டியவன், அந்தப் புகை எங்கே போய்த் தங்கும் என்று தன் நெஞ்சுக்குத் தெரியும், இப்போது ஓடும் டிரக்குகளுக்கே குதிரைகளும் இருமுகின்றன என்று அவர் எழுதியிருந்தார். பதில் இதுதான்: ‘கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. குதிரைகள் இந்த மதிப்பாய்வின் வரம்புக்குள் வரவில்லை.’ அப்பா அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

செப்டம்பரில் மாவட்ட சபையில் விசாரணை நடந்தது. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். நான் பள்ளிச் சமையலறைச் சீருடையோடே போயிருந்தேன். என் முறை வந்ததும் எழுதிக்கொண்டு போனதில் பாதிதான் படித்தேன், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்கள். பிறகு ஒரு தாளை வாசித்தார்கள். காற்றுக்குக் கேடுதான், சத்தமும் கேடுதான், தவிர்க்கவும் முடியாதுதான், ஆனால் வேலைவாய்ப்பும் வரி வருமானமும் இவற்றைவிடப் பெரியவை என்று கருதுகிறோம், அவ்வளவுதான். கையைத் தூக்கினார்கள். முடிந்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டோம். எங்களுக்காகப் பணம் வாங்காமல் வந்திருந்த நதாலி என்ற வக்கீல் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னாள்: “ஐயா, இந்தச் சட்டம் கட்டாதேன்னு சொல்லாது. மறைக்காம சொல்லிட்டுக் கட்டுன்னுதான் சொல்லும்.” அப்பா, “அப்ப, கொல்லப் போறேன்னு முன்னாடியே சொல்லிட்டா தப்பில்லையாம்மா” என்று கேட்டார். அந்தப் பெண் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

ஆனால் முழுதாக மறைக்காமலும் சொல்லவில்லை, டிரக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள், அதை வைத்து வழக்குப் போடலாம் என்றாள் அவள். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு யாராலும் முடியாது. தெருவில் ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டால் போதும், தானே நடத்துகிறேன் என்றாள்.

அப்போதுதான் உன் அண்ணன் நல்ல செய்தி கொண்டுவந்தான். அவனுடைய குழாய்த் தொழிலாளர் சங்கமே வழக்குப் போடப் போகிறதாம். அதே சட்டம், அதே காற்று, அதே டிரக் கணக்கு. பெரிய வக்கீல்கள், பெரிய நகரத்து அலுவலகம். தமியான் சமையலறையில் நின்றுகொண்டே பேசினான், உட்காரக்கூட இல்லை. “அப்பா, அந்தப் பொண்ணு பாவம், ஒத்த ஆளு. எங்க ஆளுங்க எறங்கினா கம்பெனிக்காரன் நடுங்குவான். ரெண்டு கேஸ் எதுக்கு? ஒண்ணை ஒண்ணு கெடுக்கும். நான் பாத்துக்கறேன், விடுங்க” என்றான். சிப்ரியானோ அண்ணன் மட்டும், “உங்க சங்கத்துக்கு எங்க நெஞ்சு மேல எப்பலேர்ந்துடா இவ்ளோ அக்கறை” என்று கேட்டார். தமியானுக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் இருக்கேன்ல பெரியவரே” என்றான்.

அப்பா அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். என் பிள்ளை பார்த்துக்கொள்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நதாலிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த ஒரு மாதக் கெடுவும் கடந்துவிட்டது. சங்கத்தின் வழக்கு மட்டும் நீதிமன்றத்தில் இருக்கிறது.

ஆகவே கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

எப்போதும் உன்னை நினைக்கும்
அம்மா


எல் நோகால்
நவம்பர் 14

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கலங்கும்படி எழுதக் கூடாது என்று சொன்னவர்கள், எப்படி எழுதுவது என்று சொல்லித்தரவில்லை.

வழக்கு இல்லை. போன வருஷம் போட்டதை இந்த ஜூனிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். கட்டட வேலைக்கெல்லாம் சங்கத்து ஆட்களையே எடுப்பதாகக் கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. சங்கம் வழக்கை விட்டுவிட்டது. காற்றும் டிரக் கணக்கும் அப்படியேதான் இருக்கின்றன. நதாலிக்குப் போன் போட்டேன். “அவங்களுக்குக் கெடு இருந்தப்போ நமக்கும் இருந்துச்சும்மா. இப்ப யாருக்கும் இல்ல” என்றாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தமியான் தானே வந்துதான் சொன்னான், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர் வாயால் நாங்கள் கேட்கும்படி அவன் விடவில்லை. பச்சை மிளகாய்க் குழம்பு வைத்திருந்தேன். தட்டைத் தொடவில்லை. “எங்ககிட்ட யாரும் கேக்கலப்பா. மேல முடிச்சுட்டாங்க. எனக்கே மறுநாள்தான் தெரியும்” என்றான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வேலைக்கு எடுத்தவங்க வரிசையில உன் பேரு இருக்கா?”

இருக்கிறது என்றான் தமியான். தீயணைப்புக் குழாய் வேலை, இரண்டு வருஷத்துக்கு. மாரிபெல்லுக்கும் குழந்தைக்கும் மருத்துவக் காப்பீடு அதோடு சேர்ந்து வருகிறது என்றும் சொன்னான். அப்பா எழுந்து குதிரைகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் பிள்ளை பதில் சொல்லியிருப்பான், அழுதிருப்பான், ஏதாவது நடந்திருக்கும். கொட்டடியில் வாளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தமியான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான் யாரைக் குறை சொல்வேன், இசையாஸ்? அவன் பிள்ளை பெற்றவன். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வேலையில்லாமல் என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவள். வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் அடுத்த பெயர்க்காரன் போயிருப்பான், கிடங்குச் சுவர் அதே இடத்தில்தான் நின்றிருக்கும். ஆனால் தெருவில் அப்படி யாரும் பேசுவதில்லை. சிப்ரியானோ அண்ணன்கூட இப்போது வேடிக்கையாக எதுவும் சொல்வதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகப்போவதாகக் கேள்வி.

சுவர் எழும்பிவிட்டது. பின்கட்டில் வெயில் மத்தியானத்துக்கு மேல் கிடையாது. கற்றாழைகள் வெளுத்துவிட்டன. மலையில் விழும் பனியை சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்போமே, அது இனித் தெரியாது. கனேலாவையும் மற்றக் குதிரைகளையும் மலைப்பக்கத்து ஆட்களிடம் கொடுத்துவிட்டோம். வைக்கோல் கட்டைத் தூக்குவது அப்பாவுக்கு இப்போது தோதாக இல்லை. மாதா கோயிலுக்குப் போகும்போது அவர் மூச்சுக்கான சின்ன ஆக்ஸிஜன் உருளை ஒன்றைச் சக்கரத்தில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறோம். அது ஒன்றும் பாரமில்லை, நானே இழுக்கிறேன்.

உன் அண்ணன் இப்போது அந்தச் சுவருக்கு மேலே, கூரையில் வேலை செய்கிறான். அத்தனை மஞ்சள் தொப்பிகளிலும் அவன் நடை எனக்குத் தெரிந்துவிடும். வலது தோளைச் சற்றே சாய்த்து நடப்பான், உனக்குத் தெரியுமே. நம் கொல்லைப்புறம் தெரிகிற பக்கம் அவன் திரும்புவதே இல்லை. மத்தியானம் வண்டியில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். அம்மா வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

போன வாரம் குழம்பும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு கிடங்கு வாசல் பக்கம் சுற்றிப் போனேன். காவல்காரர் பாதுகாப்புத் தொப்பி இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார். நல்ல மனுஷன், நானே கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் பாத்திரம் நம் வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. அவன் எப்போது வந்து வைத்தான் என்று எனக்குத் தெரியாது. அப்பா ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தெரிந்திருக்கும்.

குழந்தையைப் பார்க்க நான் மட்டும் பேருந்தில் போய்வருகிறேன். திரும்பி வந்ததும் அப்பா, “இப்ப யார் மாதிரி இருக்கா” என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. உங்களை மாதிரி என்று சொல்கிறேன். ‘சரி’ என்பார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அண்ணனுக்கு நீ ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்பான், நீ எழுதினால் நம்புவான். சட்டத்தைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ எழுத வேண்டாம். அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போ என்று மட்டும் எழுது. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆனாலும் எழுது.

ஆழத்திலும் இருளிலும் மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். கப்பல் கரை தொட்ட அன்றைக்கே எழுதிவிடு, கண்ணு. அடுத்த துறைமுகம் வரை வைத்திருக்காதே.

உன் அம்மா,
எலோய்சா