அவர் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர்

1982, ஐப்பசி, வியாழன் இரவு.

தவளைக் கருக்கள் பிழைத்துவிட்டன. காலையில் பள்ளி ஆய்வகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செல்கள் ஒட்டிக்கொண்டே இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன.

போன வாரம் மேலே இருக்கும் வழவழப்பான உறையை நீக்கி வைத்த கருக்கள் எல்லாம் செல் செல்லாக உதிர்ந்துபோயின. மாணவிகள் முன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவற்றை விட்டிருந்தது, அனல்மின் நிலையத்தில் பாய்லருக்காகச் சுத்திகரிக்கும் தண்ணீரில்; அதை, நைட் ஷிப்ட் முடிந்த அலுப்போடு என் வீட்டுக்காரர்தான் சைக்கிளில் கேனோடு கொண்டுவந்திருந்தார். "எங்க தண்ணில உப்பு, சுண்ணாம்பு ஒண்ணுமே இருக்காது, டீச்சர்" என்று பெருமை வேறு. கோளாறே அதுதான் என்று எனக்கு நேற்று முன்தினம்தான் உறைத்தது. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம் இல்லையென்றால் செல்லுக்குச் செல் சேதி போகாது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் முடியாது. கல்லூரியில் படித்ததுதான். புதுக் கருக்களைக் குழாய்த் தண்ணீரில் விட்டேன்.

அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னதும் சிரித்துவிட்டார். இப்படி ஒரு மனிதர் எனக்கு வாய்த்தாரே.

எனக்கு இது மூன்றாம் மாதம். முந்தைய இரண்டும் இதைத் தாண்டவில்லை. நாங்கள் அதைப் பேசுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் டம்ளரையும் நீட்டினார்.

"குழாய்த் தண்ணிதான்" என்றார், நான் கேட்காமலே.