காலி என்று எழுதப்பட்ட மாடங்கள்

நாள் 1, 06.40

காலை 6.10-க்கு மின்சாரம் இரண்டு நொடி போய் வந்தது. காற்று இயந்திரம் நின்றது. மறுபடி கிளம்பவில்லை. மற்றபடி வழக்கம்போலத்தான்: நேற்று பூமியிலிருந்து வந்து இறங்கிய தரவு 312 தகடு, அங்கிருந்து கேட்டு நான் எடுத்துக் கொடுத்தது 40 தகடு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செல்லச்சாமி, ஒட்டன்சத்திரம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, அப்புறம் மண்டி வைத்து, கடைசியில் நிலவின் தென்முனையில் வெயிலே படாத இந்தப் பள்ளத்துக் கிடங்கைக் குத்தகைக்கு எடுத்தவன். இங்கே நான் ஒருவன்தான். சுவர் முழுக்க நாற்பதாயிரம் மாடங்கள், மாடத்துக்கு ஒரு தகடு. பூமியில் உள்ளவர்களின் படம், பத்திரம், கணக்கு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. எந்தச் சரக்கு எந்த மாடத்தில் என்று சொல்வது அட்டவணை. அதைப் பார்த்துத்தான் இரும்புக் கை போய் எடுத்து வரும்.

நாள் 1, 09.15

காற்று இயந்திரம் நின்றால் தன் நிரலைத் தகட்டிலிருந்து படித்துத்தான் மறுபடி கிளம்பும். நிரலைக் கேட்டது. "அப்படி ஒன்று இல்லை" என்று அட்டவணை பதில் சொல்லிவிட்டது.

அது இங்கேதான் இருந்தது என்று எனக்குத் தெரியும். தலைமை அலுவலகத்தைக் கேட்டேன். போன வாரம் அட்டவணையைச் சுத்தம் செய்தார்களாம். பத்து வருடமாக யாரும் கேட்காத சரக்கு அத்தனையையும் அடித்துவிட்டார்கள். பதினோரு வருடமாக ஒரு நிமிடம்கூட நிற்காத இயந்திரம் எதற்குத் தன் நிரலைக் கேட்கும்? ஒழுங்காக ஓடியதுதான் அது செய்த குற்றம். படித்து, பட்டம் வாங்கி, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவு இது.

பூமியில் பிரதி உண்டா என்றேன். இருந்ததாம். இடத்தை மிச்சம் பிடிக்க அதையும் இங்கேயே அனுப்பி வைத்தார்களாம், இதுதான் பத்திரமான இடம் என்று. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

சேமிப்பு உருளைகளில் ஐந்து நாள் காற்று இருக்கிறது.

நாள் 1, 13.30

பொறியாளர் திலோத்தமை பேசினாள். அந்த அலுவலகத்தில் தலைக்குள் ஏதோ இருப்பது இந்தப் பெண்ணுக்கு மட்டும்தான்.

"அண்ணே, அடிச்சதுன்னா அழிஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல. அட்டவணையில ஒரு வரியைத்தான் எடுத்திருக்கோம். தகட்டுல சரக்கு அப்படியே இருக்கும். ஆனா அந்த மாடத்தை அது காலின்னு நினைக்கும். அடுத்து வர்ற லோடை அதுமேலயே எழுதிரும். எழுதிட்டா போச்சு."

மூட்டையில் குத்திய சீட்டைக் கிழித்தால் வெங்காயம் ஆவியாகிவிடாது. இது எனக்குப் புரியாத விஷயமல்ல. ஆனால் எந்த மண்டிக்காரனும் சீட்டு இல்லாத மூட்டையைத் திறந்து பார்க்காமல் அதன்மேல் வேறு சரக்கைக் கொட்டமாட்டான்.

காலி என்று அட்டவணை சொல்லும் மாடங்கள் 2,600. ஒவ்வொரு தகட்டின் முதல் வரியிலும் உள்ளே என்ன என்று எழுதியிருக்கும். தகட்டை எடுத்து வந்து அந்த வரியைப் படிக்க இரண்டு நிமிடம். எல்லாவற்றையும் பார்க்க எண்பத்தேழு மணி நேரம். காற்று தாங்கும். ஆனால் நாளுக்கு முந்நூறு மாடத்தில் புதுச் சரக்கு விழுந்துகொண்டே இருக்கிறது.

நாள் 1, 14.05

லோடை நிறுத்தச் சொல்லித் துணை மேலாளர் இக்னேஷியஸிடம் கேட்டேன். நிறுத்தும் பொத்தான் அவரிடம்தான் இருக்கிறது.

"மிஸ்டர் செல்லச்சாமி, இன்னிக்கு நம்ம நிறுவனத்துக்கு இருபத்தைஞ்சாவது ஆண்டு விழா. டைரக்டர் உரை உள்பட எல்லாம் இன்னிக்கே ஏத்தியாகணும். நீங்க ஒரு கடிதம் போடுங்க. திங்கக்கிழமை கமிட்டில வெச்சிருவோம்."

திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது. என்னிடம் ஐந்து. அதை அவருக்கு எண்ணியும் காட்டினேன். கடிதத்தில் அதையும் குறிப்பிடச் சொன்னார்.

நாள் 2, 07.20

கடிதம் போட்டேன். பதினேழு மணி நேரம் காத்திருந்தேன், மரியாதைக்கு. அதுவரை மண்டியில் யாருக்கும் அவ்வளவு நேரம் மரியாதை கொடுத்ததில்லை. கொடுத்த ஒரு தடவையும் வீண்.

ஆன்டெனாவைத் திருப்பக் கிடங்குக்குள்ளேயே ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினேன். பூமி நழுவிப் போனது. இனி லோடு வராது. பேச்சும் வராது. அந்த ஆட்களின் பேச்சு நஷ்டமில்லை.

இதற்குள் காலி மாடங்களில் 226 போய்விட்டன.

நாள் 3, 22.50

1,140-ஆவது தகட்டில் கிடைத்தது. "காற்று இயந்திர நிரல், மூன்றில் ஒன்று."

மூன்றில் ஒன்று! சரக்கு பெரிதாக இருந்தால் அட்டவணை அதைப் பிரித்துக் கிடைத்த மாடங்களில் போட்டுவிடும். ஆனால் ஒன்று ஒழுங்கு: ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் அடுத்த துண்டு எங்கே என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது 8,816-ஆம் மாடம். இரும்புக் கையை அனுப்பினேன். இருந்தது. அதன் கடைசி வரி: மூன்றாவது, 17,204.

இரும்புக் கை போய்த் திரும்பும்வரை நான் உட்காரவில்லை.

நாள் 3, 23.05

17,204. முதல் வரி: "இருபத்தைந்தாவது ஆண்டு விழா, டைரக்டர் உரை."

ஓடவிட்டுப் பார்த்தேன். கோட்டு போட்ட மனிதர் சிரிக்கிறார். நம்மிடம் கொடுத்த எதுவும் தொலையாது என்கிறார். கை தட்டுகிறார்கள். நானிருக்கும் இடத்தில் தட்ட ஆளில்லை.

நாள் 4, 05.00

இரண்டு துண்டை வைத்து இயந்திரத்தைக் கிளப்பினேன். ஓடுகிறது. மூன்றாவது துண்டின் வேலை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மணிக்கொரு முறை வடிகட்டியை மாற்றித் திறப்பது. மாற்றாவிட்டால் நான் விட்ட மூச்சே என்னைக் கொல்லும். தாமதமானால் இருபது நிமிடம் வரை தாங்கும். கையால் இழுக்க ஒரு நெம்புகோல் இருக்கிறது.

ஆக, மூன்றாவது தகடு இனி நான்தான்.

நாள் 4, 15.40

ஐந்து முறை இழுத்தாயிற்று. கடைசித் தடவை உட்கார்ந்தபடியே தூங்கி, தலை இடித்து விழித்தேன். பதிமூன்று நிமிடம் தாமதம். உதடு மரத்துப் போயிருந்தது. இங்கே அலாரம் காற்று இயந்திரத்தோடு சேர்ந்தது. அதுவும் மூன்றாவது துண்டில்தான் இருந்திருக்கிறது.

தனியாக முடியாது. ஆன்டெனாவைப் பூமிக்குத் திருப்பினேன்.

நாள் 4, 16.30

முதலில் வந்தது திலோத்தமையின் குரல். அழுதிருக்கிறாள். மூன்றாவது துண்டைத் திரும்ப எழுத முடியுமா என்றேன்.

"எழுதலாம்ணே. ஆனா அந்த மாதிரி இயந்திரம் பூமியில ஒண்ணுகூட இல்ல, சோதிச்சுப் பார்க்க. தப்பா எழுதினா வால்வு திறந்தே நின்னு காத்தெல்லாம் வெளிய போயிரும். புது இயந்திரத்தோட கப்பல் வர நாப்பத்தோரு நாள் ஆகும்."

பிறகு இக்னேஷியஸ். இரண்டு நாளாக ஒரு தகடும் போகாததால் வாடிக்கையாளர்கள் அவரைப் பிய்த்திருக்கிறார்கள். குரலில் பழைய கமிட்டி இல்லை. "அண்ணே" என்றார். மண்டியில் சரக்கு என் கையில் வந்தபிறகுதான் எவனும் என்னை அண்ணே என்பான்.

பேசி முடித்தோம்.

நாள் 4, 17.20

ஒப்பந்தம் இது. கப்பல் வரும்வரை புது லோடு ஒன்றும் வராது. கேட்ட தகட்டை நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு மணிக்கொரு முறை என்னைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். வேறு யாரையும் வைக்கக் கூடாது, இக்னேஷியஸ் தானே கூப்பிட வேண்டும். அவரும் என்னைப்போல் தூங்கட்டும். ஆன்டெனாவின் கைப்பிடியில் எடைக்கல் கட்டி, அதை நெம்புகோலோடு சங்கிலியில் பிணைத்திருக்கிறேன். நேரம் வந்த பிறகும் இருபது நிமிடத்துக்கு மேல் நெம்புகோலை நான் இழுக்காவிட்டால் கல் இறங்கும், ஆன்டெனா திரும்பிவிடும். என் மூச்சு நின்றால் நாற்பதாயிரம் தகடும் அவர்களுக்கு இல்லை.

நாளுக்குப் பன்னிரண்டு அழைப்பு, நாற்பத்தொரு நாள். மொத்தம் 492. ஒப்புக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வர வேண்டிய முதல் அழைப்பு பத்தொன்பதாவது நிமிடத்தில் வந்தது. பாக்கி 491.