பலகையில் இல்லாத முகம்

என்னங்க, எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்புங்கள்.

மில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று மலையில் நல்ல மழை, சக்கரம் துள்ளிக்கொண்டு சுற்றியது. உங்கள் தம்பி வேலு மதகுப் பலகையைப் பாதி இறக்கி அதை அடக்கினான். நீங்கள் பார்த்திருந்தால் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பீர்கள்.

லேடாங் மலையிலிருந்து வரும் தண்ணீர் தங்காக் கடைத்தெருவுக்குப் பின்னால் சும்மா ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்கு ஒரு வேலை குடுக்கணும் செல்லம்" என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் விலை ஏறியிருந்த காலம். எஸ்டேட் சனங்கள் வேலை முடிந்து வந்து, அரிசியையும் கேழ்வரகையும் கையால் திரித்துக்கொண்டிருந்தார்கள். சீன ஆசாரி சக்கரம் செய்தார். அரைக்கிற கல் ஊரிலிருந்து கப்பலில் வந்து, மூவாரிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. முதல் நாள் தண்ணீரைத் திறந்தால் சக்கரம் அசையவே இல்லை. முண்டாசைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரில் இறங்கித் தோளால் முட்டித் தள்ளினீர்கள்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எஸ்டேட் சனங்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நீங்கள் கலங்கவில்லை. மலாய்க்கார வீடுகளுக்குப் பலகாரத்துக்கு அரிசி அரைத்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினீர்கள். மிளகாய் அரைத்த கல்லில் தவிடு போட்டு ஓட்டித் துடைக்காமல் அவர்கள் அரிசியைக் கொட்ட விடமாட்டீர்கள்.

மில்லை எல்லோரும் உங்கள் பெயரால்தான் கூப்பிட்டார்கள், என்னைத் தவிர. புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் நம்மில் ஏது? அதுவும் உங்கள் அம்மா வைத்த பெயர் முருகன் பெயர். அஞ்சுக்கு அடுத்த எண்ணில் தொடங்கி முகத்தில் முடிகிறது. அந்த எண்ணையும் நான் சொல்லக் கூடாது, நம் சக்கரத்தைச் சுற்ற வைக்கிற தண்ணீரின் பெயரையும் சொல்லக் கூடாது. சுங்கை, சுங்கை என்று மலாயில் சொல்லியே பிழைத்தேன்.

நீங்களும் விடமாட்டீர்கள்.

"செல்லம், தண்ணி எங்கேருந்து வருது?"

"மலையிலேருந்து."

"மலைக்கும் மில்லுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"உங்க வாய்தான் இருக்கு, போங்க."

மில் முழுக்கச் சிரிக்கும். ஒரே ஒரு தடவை சொல்லிவிடேன் என்று தனியாகவும் கெஞ்சுவீர்கள். நான் அசையவில்லை.

காய்ச்சலில் நீங்கள் போன பிறகு மில்லின் பெயர் மாறிவிட்டது. "கிலாங் ஜண்டா" என்கிறார்கள், விதவையின் மில். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் பெயர் ஊர் வாயிலிருந்து போய்விட்டதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெயர் சொல்ல நமக்குப் பிள்ளையும் இல்லை. ஒரு படம்கூட இல்லை. "தைப்பூசம் கழிச்சு மூவார் போயி புடிச்சிக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். அதனால்தான் வாசலில் உங்கள் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

பலகை எழுதுகிற ஆ சோங், சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார். வேலு வெளியே போயிருந்தான். ஆ சோங்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; பெயரைக் காதால் கேட்டு இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறவர், அதனால் எழுதிக் காட்டவும் வழியில்லை.

"நாமா அப்பா?" என்றார். என்ன பெயர் என்று கேட்கிறார். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, வாய்தான் திறக்கவில்லை. கடைசியில் அந்த எண்ணையும் முகத்தையும் தனித்தனியாக மலாயில் போட்டு உடைத்தேன்.

"எனாம்... மூக்கா."

"எனாம் மூக்கா?"

"யா லா."

சாயங்காலம் பலகை வந்தது. ஓர் எழுத்தையும் காணோம், வரிசையாக முகங்கள்! படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று வரைந்தாராம். ஒன்றுக்குக் குடுமி, ஒன்றுக்குத் தொப்பி, ஒன்று அப்படியே ஆ சோங்கின் மாமனார்.

வேலு வந்து பார்த்தான். "அலமாக்! அண்ணி, அண்ணன் பேரக் கேட்டா ஊரையே வரைய வச்சிட்டீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். நீங்கள் போனதிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை.

எல்லோரும் போன பிறகு பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு முகமாக உங்களைத் தேடினேன். ஒன்றின் மீசை கொஞ்சம் ஒத்துப்போகிறது. ஆனால் அது முறைக்கிறது, நீங்கள் யாரை முறைத்தீர்கள்? இத்தனை முகம் இருந்தும் உங்கள் முகம் இல்லை. அழுகை வந்துவிட்டது. புருவத்தில் மாவு படிந்த அந்த ஒரு முகம் போதுமே எனக்கு. அது இன்னும் எத்தனை காலம் மறக்காமல் இருக்கும்?

சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு உங்கள் பெயரைச் சொன்னேன். முழுசாக. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டீர்களே, உங்களுக்குக் கேட்டதா?

வெள்ளிக்கிழமை ஆ சோங் மறுபடி வருகிறார். தானே சொல்லிவிடுவதாக வேலு சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். ஊர் பார்க்க நானே சொல்வேன். நாக்கைக் கடிக்கிறவர்கள் கடித்துக்கொள்ளட்டும். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன். அதற்குப் பிறகும், யார் வந்து இது யாருடைய மில் என்று கேட்டாலும் வாய் நிறையச் சொல்வேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
ஆறுமுகத்தின் பெண்டாட்டி
செல்லம்மாள்