கருவாட்டின் மேல் போட்ட பழி

அப்பா, இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று யுவராணி ஃபோனில் அழுதாள். "நான் கருவாடு தின்னதாலதான் கேன்சர் மருந்து கேக்கலைன்னு அப்பா சொல்றாரு. உப்பளம் வெச்சிருக்கிற வீட்டுல எனக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சிண்ணே" என்றாள்.

அவளுடைய டாக்டர் அனுப்பிய புற்றுச் செல்களை இங்கே ஹைதராபாத்தில் என் ஆய்வகத்தில் நானே சோதித்தேன். ஒளிரும் சாயத்தை விட்டால், மருந்துக்கு அடங்கும் செல் அதை உள்ளே வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும். இவை சாயத்தை வெளியே துப்பிவிட்டு இருண்டு கிடந்தன. மருந்தையும் அப்படித்தான் துப்புகின்றன. இதில் என் தங்கை செய்த தப்பு எதுவும் இல்லை. டாக்டர் மருந்தை மாற்றப்போகிறார். பத்தியமே போதும், மருந்து வேண்டாம் என்று குறுக்கே நிற்காதீர்கள். அம்மாவின் கடைசி நாட்களிலும் அப்படித்தான் நின்றீர்கள், நான் மறக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் நம் எக்கியார்குப்பத்து நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைப்பதில் மணமே இல்லை.

அவள் தட்டில் மீன் குழம்பு விழுந்தது என்று கேள்விப்படும்வரை உங்கள் மகன் என்று கையெழுத்துப் போடுவதாக இல்லை. இதை இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.